மதகின் சாவி யாரிடம்? மத்தியதரைக்கடல் ஈரநிலங்களை ஊர்மக்களோடு சேர்ந்து நிர்வகிக்க ஒரு வழிகாட்டி

கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில், சின்ன பிரெஸ்பா ஏரிக்கும் பெரிய பிரெஸ்பா ஏரிக்கும் நடுவே ஒரு மதகு இருக்கிறது. வசந்தத்தில் அதை அடைத்தால் சின்ன ஏரியின் நீர் கரையோரப் புல்வெளிமேல் ஏறும். அந்த நனைந்த புல்லில் கெண்டை மீன் முட்டையிடும். கூழைக்கடாவும் கொக்கும் இரை தேடி வரும். அதிகநாள் அடைத்தே வைத்தால் தாழ்ந்த பீன்ஸ் வயல்களுக்குள் நீர் புகும். அளவுக்கு மிஞ்சித் திறந்துவிட்டால் கோடையில் அதே வயலுக்குப் பாய்ச்ச நீர் போதாது. மீனவர், விவசாயி, மாடு வளர்ப்பவர், பறவை ஆய்வாளர் ஆகிய நால்வருக்கும் வேண்டிய நீர்மட்டம் வேறு வேறு.

மத்தியதரைக்கடல் ஈரநிலங்களில் 'மக்கள் பங்கேற்பு' என்று பேசுவதெல்லாம் கடைசியில் இந்த மதகில் வந்துதான் நிற்கும். 1970க்கும் 2013க்கும் இடையில் இந்தப் பகுதியின் இயற்கை ஈரநிலங்களில் ஏறத்தாழ 48 விழுக்காடு அழிந்துபோனது. மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பாலானவை மனிதர்கள் நாள்தோறும் நீரைத் திறந்தும் அடைத்தும் நடத்துபவை. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கை 1971இல் கையெழுத்தானது. உள்ளூர் மக்களை நிர்வாகத்தில் சேர்ப்பதற்கான நெறிமுறைகளை அது 1999இல்தான் ஏற்றது. நெறிமுறை எல்லார் கையிலும் இருக்கிறது. களத்தில் எதை முதலில் செய்வது, எதைச் செய்தால் கெட்டுப்போகும் என்பதுதான் இங்கே.

படி 1: எதை முடிவுசெய்யக் கூடுகிறோம்?

கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவதற்கு முன் ஒரே தாளில் நான்கு பட்டியல் எழுதுங்கள். சட்டம் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டவை முதல் பட்டியல். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் காப்பிலுள்ள பறவைகளின் கூடுகளைக் கலைக்கக் கூடாது என்பது போன்றவை இதில் வரும். கருத்துக் கேட்டுவிட்டு நிர்வாகம் முடிவெடுப்பவை இரண்டாவது. சேர்ந்து முடிவெடுப்பவை மூன்றாவது: நீர்மட்டம், நாணல் அறுக்கும் தேதி, மேய்ச்சல் எண்ணிக்கை, படகு போகும் வழி. ஊரே முடிவெடுத்துத் தகவல் மட்டும் சொன்னால் போதும் என்பவை நான்காவது.

மூன்றாவது பட்டியல் காலியாக இருந்தால் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். முடிவெடுக்க எதுவும் இல்லாத கூட்டத்துக்கு மக்கள் ஒருமுறை வருவார்கள், மறுமுறை வரமாட்டார்கள். உடைந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும்.

படி 2: எல்லையை நீரைப் பார்த்துப் போடுங்கள்

பூங்காவின் வரைபடக் கோட்டை எல்லையாக வைத்தால் பாதிப் பேர் விடுபடுவார்கள். ஸ்பெயினின் மார் மெனோர் இதற்குச் சரியான பாடம். ஏறக்குறைய 135 சதுர கிலோமீட்டர் உள்ள உப்புநீர்க் காயல் அது. 1979இல் தாகோ ஆற்று நீர் கால்வாய் வழியாக வந்தபின், காயலுக்குப் பின்னாலிருக்கும் கார்த்தஹேனா சமவெளி தீவிரப் பாசன விவசாயத்துக்கு மாறியது. உரத்தின் நைட்ரேட் நிலத்தடி நீரிலும் ஓடைகளிலும் கலந்து காயலில் சேர்ந்தது, பாசி பெருகியது, 2019 அக்டோபரிலும் 2021 ஆகஸ்டிலும் மீன்கள் கரையில் குவிந்து செத்தன. கரையோர மீனவரையும் விடுதிக்காரரையும் மட்டும் கூட்டி உட்காரவைத்திருந்தால், காரணமானவர் ஒருவர்கூட அந்த அறையில் இருந்திருக்கமாட்டார்.

அங்கே மக்கள் 6,00,000க்கு மேல் கையெழுத்துத் திரட்டி, 2022இல் அந்தக் காயலுக்கே சட்ட ஆளுமை (ஓர் ஆளைப் போலச் சட்டத்தின் முன் உரிமை) தரும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற வைத்தார்கள். அது பெரிய வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் மீன் செத்தபின் கிடைத்த வெற்றி. உங்கள் ஈரநிலத்துக்கு நீர் வரும் ஒவ்வொரு ஓடை, கால்வாய், வடிகால் ஆகியவற்றின் தலைமாடு வரை நடந்து போய்ப் பாருங்கள். அங்கே நிலம் வைத்திருப்பவர், கழிவுநீர் நிலையம் நடத்துபவர், பாசன சங்கத்துச் செயலாளர் எல்லாரும் உங்கள் பட்டியலில் வரவேண்டும்.

படி 3: இழப்பு யாருக்கு என்று ஆளாளாகக் கேளுங்கள்

முப்பது நாற்பது பேரை அவரவர் வேலை செய்யும் இடத்தில் சந்தியுங்கள்: படகடியில், நெல் உலர்த்தும் களத்தில், மாட்டுத் தொழுவத்தில். அலுவலகத்துக்கு வரச் சொன்னால் பேசத் தெரிந்தவர்கள் மட்டும்தான் வருவார்கள். எல்லாரிடமும் மூன்று கேள்விகள் போதும். எந்த மாதத்தில் எவ்வளவு நீர் வேண்டும்? நீர் கூடியபோது அல்லது குறைந்தபோது கடைசியாக என்ன நட்டம் வந்தது? அப்போது யாரிடம் போய்ச் சொன்னீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் அந்த ஊரின் உண்மையான அதிகார வரைபடம்.

சிலரை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிரான்சில் ரோன் ஆற்றின் கழிமுகமான கமார்க்கில் வேட்டைக்காரர்களை விலக்கிவிட்டு நீரைப் பற்றிப் பேச முடியாது; தனியார் சதுப்புகளில் பெரும்பங்கு அவர்கள் கையில் இருக்கிறது. காட்டு வாத்துகளுக்காகக் கோடையிலும் நன்னீர் தேக்குவார்கள். கோடையில் காய்ந்து உப்பேறவேண்டிய சதுப்பு அதனால் ஆண்டு முழுதும் நன்னீராகி நாணல் காடாகிறது. நாணல் அறுப்பவர்களின் கணக்கு வேறு: கூரைக்கான நாணலைக் குளிர்காலத்தில் அறுக்க இயந்திரம் இறங்கவேண்டும், அதற்கு நீர் வடியவேண்டும். ஆனால் எல்லாவற்றையும் அறுத்துவிட்டால், பழைய நாணலில் கூடுகட்டும் செந்நாரைக்கு வசந்தத்தில் இடம் இருக்காது. ஆண்டுதோறும் ஐந்தில் ஒரு பங்கை மாற்றி மாற்றி அறுக்காமல் விடுவது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். அதைப் பேச அறுப்பவர் அங்கே இருக்கவேண்டும்.

பெண்கள், கூலிக்கு வரும் பருவத் தொழிலாளர்கள், குத்தகை விவசாயிகள் ஆகியோரிடம் தனியாகக் கேளுங்கள். நிலத்துக்காரர் முன்னால் குத்தகைக்காரர் வாய் திறக்கமாட்டார்.

ஊரில் ஏற்கெனவே இருக்கும் அமைப்பைத் தேடிப் பிடியுங்கள். லெபனானில் 'ஹிமா' என்ற பழைய முறை உண்டு: மேய்ச்சலையும் நீரையும் ஊரே காலவரம்பு வைத்துக் காப்பது. 2004 முதல் அங்குள்ள இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் நகராட்சிகளோடு சேர்ந்து அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. பெக்கா பள்ளத்தாக்கின் கஃபர் சபத், அஞ்சர் சதுப்புகள் அப்படித்தான் காக்கப்படுகின்றன. ஸ்பெயினில் வேலன்சியா அருகே அல்புஃபேரா ஏரியில் எல் பால்மார் ஊர் மீனவர்கள், நிலையான மீன்பிடி இடங்களை ஆண்டுதோறும் ஜூலையில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் யாருக்கு என்ற சண்டையைக் குலுக்கல் தீர்த்துவிடுகிறது. அதே சமூகத்தில் மீன்பிடி உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போனது. பெண்கள் 1990களில் நீதிமன்றம் சென்று போராடித்தான் அதில் நுழைந்தார்கள். பழைய அமைப்போடு கைகோப்பதற்கு முன் அது யாரை வெளியே நிறுத்தியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 4: நீர்மட்ட நாட்காட்டி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பெரிய தாள் ஒன்றில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு வரி. அந்த மாதத்தில் அவருக்கு வேண்டிய நீர்மட்டத்தைச் சென்டிமீட்டரில், 'குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு' என்று எழுதுங்கள். பறவைக்கும் மீனுக்கும்கூட வரி உண்டு. அதை ஆய்வாளர் நிரப்பட்டும், மற்றவர்களைப் போலவே, மற்றவர்கள் முன்னால்.

அல்புஃபேராவில் இந்தத் தாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். மே மாதம் நெல் விதைக்க வயலில் நீர் கட்டவேண்டும். இடையில் களை எடுக்கச் சில நாள் வடிக்கவேண்டும். செப்டம்பரில் அறுவடைக்குக் காயவேண்டும். நவம்பரில் மதகுகளை அடைத்து வயல்களை மறுபடி மூழ்கடிப்பார்கள். வாத்துகள் அப்போதுதான் வந்திறங்கும், வேட்டைக்காலமும் அதுதான். இதில் பிரச்சினை அறுவடைக்கும் நவம்பருக்கும் நடுவிலே இருக்கிறது: வயலில் கிடக்கும் வைக்கோல். எரித்தால் புகை வேலன்சியா நகரத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் மூடும். எரிக்காமல் விட்டு, இதமான சூட்டில் தேங்கிய நீரில் ஊறினால் அழுகிக் கறுத்து, நீரின் ஆக்சிஜனை உறிஞ்சி, ஏரி மீனைக் கொல்லும். புகையால் அவதிப்படுபவரும் கறுப்பு நீரால் அவதிப்படுபவரும் வேறு வேறு ஆட்கள். இருவரையும் ஒரே தாளின் முன் நிறுத்தினால்தான், வைக்கோலைக் கட்டி வெளியேற்றும் செலவை யார் தாங்குவது என்ற உண்மையான கேள்வி எழும்.

தாள் நிரம்பியதும் பாருங்கள். வழக்கமாக எட்டு ஒன்பது மாதங்களுக்கு எல்லாருடைய எண்களும் ஒன்றோடொன்று பொருந்தும். மூன்று நான்கு மாதங்களில்தான் மோதல். 'விவசாயியா, பறவையா' என்று ஆண்டுக்கணக்கில் நடந்த சண்டை, 'ஏப்ரல் 15 முதல் ஜூன் 10 வரை பத்து சென்டிமீட்டர்' என்ற சண்டையாகச் சுருங்கிவிடும். பத்து சென்டிமீட்டரைப் பேசித் தீர்க்கலாம்.

துல்லியத்தை விட்டுவிடாதீர்கள். துனிசியாவின் கார் எல் மெல் காயலில் 'ராம்லி' என்ற மணல் வேளாண்மை இருக்கிறது. 2020இல் உலக உணவு வேளாண் அமைப்பின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. காயல் ஓரத்து மணல் பாத்திகளில், கனமான உப்புநீர்மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதக்கும். ஓதம் ஏறும்போது அந்த நன்னீர் வேருக்கு எட்டும். தனியாக நீர் பாய்ச்சுவதில்லை. மணல் சற்றுக் கூடினால் வேர் எட்டாது, குறைந்தால் உப்பு தொடும். அந்த விவசாயியிடம் 'நீர்மட்டம் கொஞ்சம் மாறும்' என்று சொன்னால் அவர் கூட்டத்தை விட்டு எழுந்து போவார். எத்தனை சென்டிமீட்டர், எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

படி 5: எல்லாரும் நம்பும் ஓர் அளவுகோல்

சென்டிமீட்டர் குறித்த அளவுப் பலகையை ஒன்றுக்கு இரண்டாக, எதிரெதிர்க் கரையில் நடுங்கள். ஆழமில்லாத ஏரியில் காற்று நீரையே ஒருபக்கம் தள்ளிவிடும். கமார்க்கில் வடக்கிலிருந்து வரும் மிஸ்த்ரால் காற்று வீசும் நாளில் வக்காரெஸ் காயலின் தென்கரையில் நீர் ஏறியும் வடகரையில் இறங்கியும் நிற்கும். ஒரே பலகையை நம்பியவர்கள், இல்லாத வெள்ளத்துக்காகச் சண்டை போட்டதுண்டு. காற்றில்லாத விடிகாலையில் படியுங்கள். இரண்டின் சராசரியை எடுங்கள்.

இரண்டு பலகைகளின் பூச்சியமும் நாட்டின் நில அளவைப் புள்ளியோடு ஒரே மட்டத்தில் இணைக்கப்படவேண்டும். சேற்றில் ஊன்றிய கம்பம் ஆண்டுக்கு ஆண்டு அமிழும் என்பதால் ஆண்டுக்கொருமுறை சரிபார்க்கவேண்டும். வாரம் இருமுறை ஒரு மீனவரும் ஒரு விவசாயியும் சேர்ந்து படித்துக் கையெழுத்திடட்டும். எண்ணைக் கூட்டுறவுக் கடைச் சுவரிலும் ஊர் வாட்சாப் குழுவிலும் அன்றே போடுங்கள். காயலாக இருந்தால் உப்பளவு பார்க்கும் கையடக்கக் கருவியும் வேண்டும். தானியங்கிக் கருவி நல்லதுதான், ஆனால் கண்ணால் படிக்கும் பலகைக்கு அது மாற்றாகாது. தகராறு வரும்போது எல்லாரும் போய் நிற்பது பலகையின் முன்னால்தான்.

படி 6: குழு

பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் சரியான அளவு. இருபதைத் தாண்டினால் உரை நிகழ்த்தத் தொடங்கிவிடுவார்கள். நீரைப் பயன்படுத்துபவர்களுக்குப் பாதிக்குக் குறையாத இடம் இருக்கட்டும். மீதியை நகராட்சி, பூங்கா நிர்வாகம், நீர்த்துறை, ஆய்வாளர்கள், இயற்கை அமைப்புகள் பங்கிடட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று உறுப்பினர், பெயர் சொல்லி. பறவைகளுக்காகப் பேசுபவர் தலைமை ஏற்க வேண்டாம். அவர் ஒரு தரப்பு.

கூட்டத்தைப் பூங்கா அலுவலகத்தில் வைக்காதீர்கள். வலை இழுக்கும் நேரம், பால் கறக்கும் நேரம் பார்த்து வையுங்கள். இரண்டு மணிநேரத்துக்கு மேல் போகக்கூடாது. எரிபொருள் செலவைக் கையில் கொடுங்கள். சம்பளத்தோடு வரும் அதிகாரிக்கும், ஒருநாள் பிழைப்பை விட்டு வரும் மீனவருக்கும் அந்த இரண்டு மணிநேரத்தின் விலை ஒன்றல்ல.

முடிவெடுக்கும் முறையை முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள். ஒருமித்த கருத்துக்கு முயல்வது, வராவிட்டால் இரண்டு வாரத்தில் இன்னொரு கூட்டம், அப்போதும் வராவிட்டால் போன ஆண்டின் நீர்மட்டமே தொடரும். இந்தக் கடைசி வரி இல்லாத குழுக்களில், இழுத்தடிப்பவர் கையில் முழு அதிகாரமும் போய்விடும்.

மதகுக் காவலருக்குத் தெளிவான உரிமை கொடுங்கள்: ஒப்புக்கொண்ட மட்டத்துக்கு மேலும் கீழும் ஐந்து சென்டிமீட்டர் வரை அவரே திறக்கலாம், அடைக்கலாம். அதைத் தாண்டினால் குழுவில் மூன்று பேரிடம் தொலைபேசியில் கேட்கவேண்டும். பத்தைத் தாண்டினால் 48 மணிநேரத்தில் அவசரக் கூட்டம்.

சட்ட வேர் ஒன்றுக்கு மேல் இருக்கட்டும். கிரேக்கத்தில் காப்புப் பகுதிகளின் உள்ளூர் நிர்வாக அமைப்புகள் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் கலைக்கப்பட்டு, பொறுப்பு ஒரு மைய முகமைக்குப் போனது. ஒரே அலுவலகத்தின் கிளையாக இருக்கும் குழு அந்த அலுவலகத்தோடு போய்விடும். நகராட்சித் தீர்மானம், பாசன சங்க விதி, மீனவர் கூட்டுறவின் விதி மூன்றிலும் குழுவின் பெயர் ஏறட்டும்.

படி 7: முதல் ஆண்டிலேயே கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலை

பிரெஸ்பாவில் அது நாணல். மேய்ச்சலும் அறுப்பும் குறைந்ததும் நாணல் கரையை அடைத்து, புல்வெளியை விழுங்கிவிட்டது. 2002 முதல் 2007 வரை நடந்த மீட்புத் திட்டத்தில் பழைய மதகை மாற்றினார்கள், நாணலை அறுத்தார்கள், எருமைகளை மேயவிட்டார்கள். நனைந்த புல்வெளி மீண்டது.

இங்கே எப்போது அறுக்கிறோம் என்பதுதான் எல்லாம். குளிர்காலத்தில் அறுத்தால் நாணல் இன்னும் செழிக்கும், ஏனென்றால் அதன் சத்து அப்போது கிழங்கில் பத்திரமாக இருக்கும். கூரை நாணலுக்கு அது சரி. நாணலைக் குறைக்கவேண்டுமென்றால், குஞ்சுகள் பறந்தபின் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ அறுக்கவேண்டும். அறுத்த தண்டின் வாய் பிறகு நீருக்கடியில் போகவேண்டும். நாணல் தண்டு வழியாகத்தான் கிழங்குக்குக் காற்று போகிறது. நீர் மூடினால் கிழங்கு மூச்சுத்திணறும். ஆகவே அறுப்புத் தேதியும் மதகும் ஒரே முடிவாக இருக்கவேண்டும். அறுத்ததை அங்கேயே விடாதீர்கள், அழுகி உரமாகி அடுத்த ஆண்டு நாணலையே வளர்க்கும். கொட்டகைப் படுக்கைக்கோ மட்குரத்துக்கோ வெளியேற்றுங்கள். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அறுத்து, துளிர்வதை எருமைக்கு விடுங்கள். ஹெக்டேருக்கு ஒன்றுக்கும் குறைவாகத் தொடங்கி, சேறு மிதிபட்டு வெறும் மண் தெரிகிறதா என்று பார்த்துக் கூட்டலாம்.

மீனவர் இதை ஆதரித்ததற்குப் பறவைமேல் பாசம் மட்டும் காரணமில்லை, கெண்டைக்கு முட்டையிட இடம் கிடைத்தது. முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது அதனால் ஊரில் யாருக்குக் கையில் ஏதாவது கிடைக்கும் என்று பாருங்கள்.

படி 8: ஒப்பந்தமும் பணமும்

இத்தாலியில் ஆற்று ஒப்பந்தம் (ஓர் ஆற்றோடு தொடர்புள்ளவர்கள் தாமாகச் சேர்ந்து எழுதிக்கொள்ளும் உடன்பாடு) என்ற கருவிக்கு 2015 முதல் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே இடமுண்டு. அதே மாதிரியில் ஈரநில ஒப்பந்தங்கள் வந்தன. எந்த நாட்டிலும் அதன் சாரம் ஒன்றுதான்: யார், எதை, எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில், செய்யாவிட்டால் என்ன. மூன்றாண்டுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். 'சம்பந்தப்பட்ட துறைகள்' என்று எழுதினால் யாரும் செய்யப்போவதில்லை.

நட்டத்தை மறைக்காதீர்கள். கமார்க்கின் தென்கிழக்கில், பழைய உப்பளங்களில் ஏறக்குறைய 6,500 ஹெக்டேரைப் பிரான்சின் கடற்கரைப் பாதுகாப்பு நிறுவனம் வாங்கியது. கடல் அரிக்கும் தடுப்புக் கரைகளைப் பழுதுபார்க்காமல் கடலுக்கு இடம்விட முடிவானது. சூழலியல் பார்வையில் அதற்கு வலுவான நியாயம் உண்டு. ஆனால் உப்பளத்தை நம்பி வளர்ந்த சாலேன் த ஜிரோ ஊர்க்காரர்கள் பலருக்கு அது தங்களைக் கைவிட்டதாகவே பட்டது. வேலை போன ஊரில் கரை உடைவதைப் பற்றிப் பேசப் போகும்போது, வேலையைப் பற்றி முதலில் பேசுங்கள்.

ஈடு எங்கிருந்து வரும்? ஐரோப்பிய ஒன்றியத்தில், குளிர்காலத்தில் வயலை மூழ்கடித்து வைக்கும் நெல் விவசாயிக்கு வேளாண் சூழல் உதவித்தொகை கிடைக்கிறது. பிரெஸ்பா பீன்ஸ் புவிசார் குறியீடு பெற்று நல்ல விலைக்கு விற்கிறது. திட்டநிதி பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும். அதனால் மதகுக் காவலரின் சம்பளத்தையும் அளவுப் பலகையின் செலவையும் திட்டநிதியில் வைக்கவே வைக்காதீர்கள். அவை நகராட்சியின் வழக்கமான வரவுசெலவில் இருக்கட்டும்.

படி 9: வறட்சிக்கு முன்னே வறட்சி விதி

மழை பொய்த்த ஆண்டில் எழுதும் விதியை யாரும் ஏற்கமாட்டார்கள். நீர் நிறைந்த ஆண்டில் எழுதுங்கள். மார்ச் முதல் நாள் பலகையில் எந்த எண்ணுக்குக் கீழே நின்றால் பற்றாக்குறை ஆண்டு என்று குறியுங்கள். அப்போது எந்தப் பாசனம் எத்தனை விழுக்காடு குறையும், எந்தப் புல்வெளி அந்த ஆண்டு நனையாது, எந்தப் பறவைத் திட்டுக்குக் கடைசிவரை நீர் இருக்கவேண்டும் என்று வரிசைப்படுத்துங்கள். கூடு இருக்கும் தீவைச் சுற்றி நீர் வற்றினால் நரி நடந்தே போய்விடும். அந்த வரியை மட்டும் கடைசியாகத் தொடுங்கள். குறைப்பதில் எல்லாருக்கும் பங்கு இருக்கட்டும். ஒரு தரப்பு முழுதும் இழந்து மற்றவர் எதுவும் இழக்காத விதி, ஒரே இரவில் மதகுப் பூட்டு உடைவதோடு முடியும்.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அந்த ஆண்டின் நீர்மட்டக் கோட்டை ஒப்புக்கொண்ட கோட்டின்மேல் வரைந்து, எங்கே பிசகியது, யார் சொல்லித் திறந்தது என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். மதகுச் சாவிக்கு மூன்று பிரதி செய்யுங்கள்: காவலரிடம் ஒன்று, நகராட்சியில் ஒன்று, மூன்றாவது ஆண்டுக்கு ஒருவராக மீனவரிடமும் விவசாயியிடமும் மாறி மாறி. மதகடியில் நனையாத பெட்டிக்குள் ஒரு பதிவேடு தொங்கட்டும். திறந்த நேரம், பலகையின் எண், திறந்தவர் கையெழுத்து என்று மூன்று கட்டம் போதும்.